கைக்கணினி: யார் கையில், எந்த வேலைக்கு?

தமிழ்நாட்டின் 2025-26 நிதிநிலை அறிக்கையில், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் கைக்கணினியோ (அதாவது டேப்லெட்) மடிக்கணினியோ வழங்கப்படும் என்று அறிவித்தார்கள். அதற்கு முன்பே, 2024-இல், அரசுத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் சுமார் 80 ஆயிரம் பேருக்கு டேப்லெட் கொடுக்கும் திட்டம் தொடங்கியிருந்தது. 2027 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தாள் படிவத்தை விட்டுவிட்டுக் கைபேசிச் செயலிக்கு மாறுகிறது. வெளிநாட்டுச் செய்திகளோ எதிர்த்திசையில் போகின்றன. சுவீடன் 2023-இல் வகுப்பறைத் திரைகளைக் குறைத்துக்கொண்டு அச்சுப் பாடநூல்களுக்குக் கூடுதல் பணம் ஒதுக்கியது. உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒவ்வொருவருக்கும் 2021-இலேயே ஒரு கணினி ஏற்பாடு செய்த சிங்கப்பூர், 2026 ஜனவரி முதல் பள்ளி நேரம் முழுவதும் கைபேசியையும் ஸ்மார்ட் வாட்ச்சையும் எடுக்கக் கூடாது என்கிறது.

ஒரு பக்கம் கொடுக்கிறார்கள், இன்னொரு பக்கம் வாங்கி உள்ளே வைக்கிறார்கள். இதனால் பயன் உண்டா, இல்லையா என்று குழப்பம் வருவது இயல்புதான். பயன் உண்டு. ஆனால் எல்லோர் கையிலும் ஒரே அளவில் இல்லை. பஸ் கண்டக்டருக்கு முதல் வாரமே கைகொடுக்கிற பொருள், எட்டாம் வகுப்பு மாணவியிடம் ஒரு வருடம் இருந்தும் எதையும் மாற்றாமல் போகலாம். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே கருவிதான். வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று அடிப்படையிலிருந்தே பார்க்கலாம்.

கைக்கணினி என்றால் எவை எவை

நின்றுகொண்டோ நடந்துகொண்டோ, மேசை இல்லாமல் கையில் பிடித்தபடியே இயக்கக்கூடிய கணினி எதுவும் இதில் சேரும். இந்தக் கட்டுரைக்கு மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் போதும்.

1. ஒரே வேலைக்கானவை: பஸ் டிக்கெட் மெஷின், ரேஷன் கடையின் பி.ஓ.எஸ். மெஷின், கூரியர்க்காரர் நீட்டிக் கையெழுத்து வாங்கும் கருவி.

2. எல்லா வேலைக்குமானவை: ஸ்மார்ட்போன், டேப்லெட். எந்தச் செயலியை ஏற்றுகிறோமோ அந்த வேலையைச் செய்யும்.

3. பூட்டியவை: பொதுக் கருவிதான், ஆனால் நிர்வாகம் அனுமதித்த செயலிகள் மட்டும் திறக்கும்படி மென்பொருளால் கட்டி வைத்தது. பள்ளிகளுக்குக் கொடுக்கப்படும் டேப்லெட்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அந்தப் பூட்டு எவ்வளவு நாள் தாங்குகிறது என்பது வேறு கதை, கீழே வரும்.

வரலாற்றில் ஒரு விஷயம் மட்டும் இங்கே தேவைப்படுகிறது. பிரிட்டனின் சயான் நிறுவனம் 1984-இல் விற்ற ஆர்கனைசர், பாக்கெட் கணினிகளில் முதல் தலைமுறை. 1993-இல் ஆப்பிள் 'நியூட்டன்' கருவியைக் கொண்டுவந்தது. எழுத்தாணியால் நாம் எப்படி எழுதினாலும் படித்துவிடும் என்பதுதான் அதன் பெருமை. சரியாகப் படிக்கவில்லை, கேலிக்கு ஆளானது, 1998-இல் நிறுத்தப்பட்டது. 1996-இல் வந்த பாம் பைலட் அவ்வளவு பெரிதாக ஆசைப்படவில்லை. அதை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், சட்டைப் பையில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு, அதையே கருவியாகப் பாவித்துப் பழகி, எந்த அளவில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கையெழுத்தைக் கருவி கற்றுக்கொள்வதற்குப் பதிலாக, கருவிக்குப் புரியும் எளிய எழுத்துமுறையை மனிதர்கள் கற்றுக்கொள்ளச் சொன்னார். நாட்குறிப்பு, முகவரி, செய்ய வேண்டிய வேலைகள், குறிப்புகள்: அவ்வளவுதான் அது செய்தது. அமோகமாக விற்றது.

நம் ஊரில், பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனமும் சேர்ந்து 2001-இல் 'சிம்ப்யூட்டர்' என்ற கைக்கணினியை அறிமுகப்படுத்தினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கு இந்திய மொழியில் வாசித்துக் காட்டும். ஒரே கருவியை ஊரே பகிர்ந்துகொண்டு, அவரவர் தகவலை அவரவர் ஸ்மார்ட் கார்டில் வைத்துக்கொள்ளலாம். யோசனையைக் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் கிராமத்து மனிதர் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் என்ன செய்வார் என்பதற்குத் தெளிவான பதில் இருக்கவில்லை. சில ஆயிரம் கருவிகளோடு அது ஓய்ந்தது. நியூட்டன், பாம், சிம்ப்யூட்டர் மூன்றிலும் தெரிவது ஒன்றுதான்: செய்ய வேண்டிய வேலை முதலில் இருந்து, கருவி பின்னால் வந்தால் ஓடுகிறது.

வேலையிடத்தில் என்ன நடக்கிறது

டிக்கெட் மெஷினுக்கு முன்னால் கண்டக்டரின் வேலை எப்படி இருந்தது? ஒவ்வொரு கட்டணத்துக்கும் தனித்தனி டிக்கெட் கட்டு. எல்லாவற்றிலும் வரிசை எண். ஒவ்வொரு ஸ்டேஜிலும், எந்தக் கட்டில் எந்த எண் வரை கிழித்திருக்கிறோம் என்று, ஆடும் பஸ்ஸில் தாளில் குறிக்க வேண்டும். செக்கிங் வந்தால் அந்தத் தாளைத்தான் முதலில் கேட்பார்கள். இரவு டிப்போவில் அதையெல்லாம் கூட்டிப் பணத்தோடு ஒத்துப்பார்க்க வேண்டும். அப்புறம் அதே எண்களை அலுவலகத்தில் இன்னொருவர் பேரேட்டில் ஏற்றுவார். ஒரே தகவல் மூன்று கை மாறுகிறது. ஒவ்வொரு கையிலும் ஒரு பிழைக்கு இடம் இருக்கிறது.

மெஷின் வந்தபின், ஏறும் இடத்தையும் இறங்கும் இடத்தையும் அழுத்தினால் கட்டணத்தை அதுவே போட்டுச் சீட்டை அடித்துக் கொடுக்கிறது. ஸ்டேஜ் கணக்கு, நாள் கணக்கு எல்லாம் உள்ளேயே சேர்ந்துவிடுகிறது. கூடவே, இதற்கு முன் யாருக்கும் தெரியாத ஒன்றும் கிடைக்கிறது: எந்த வழித்தடத்தில், காலை 8 மணிக்கு, எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்ற விவரம். பெண்களுக்கான கட்டணமில்லாப் பயணம் 2021 மே மாதம் தொடங்கியபோது, பணம் வாங்காவிட்டாலும் சீட்டு கொடுத்துக் கணக்கு வைக்க வேண்டி வந்தது. அந்த இழப்பைப் போக்குவரத்துக் கழகங்களுக்கு அரசு ஈடுகட்டுகிறதே, அதற்கு ஆதாரம் வேண்டும்.

இதைப் பொதுவாகப் பிரித்துச் சொன்னால், வேலையிடத்தில் கைக்கணினி நான்கு வழிகளில் பலன் தருகிறது.

1. தகவல் ஒரே தடவை, நடந்த இடத்திலேயே பதிவாகிறது. மறுபடி தட்டச்சு செய்யும் வேலை ஒழிகிறது.

2. பிழை பிறக்கும் இடத்திலேயே மாட்டுகிறது. மின் கணக்கெடுப்பவர் போன தடவையைவிடக் குறைந்த ரீடிங்கைப் போட்டால், வாசலில் நிற்கும்போதே கருவி கேள்வி கேட்க முடியும். வெள்ளை அட்டையில் எழுதிக்கொண்டு போய்விட்டால், பிழை தெரியவரும்போது அவர் நாலு தெரு தாண்டியிருப்பார்.

3. நேரமும் இடமும் தானாகவே பதிகின்றன. இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதக் கணக்கு. 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும். சில நாள் தாமதமாக ரீடிங் எடுத்ததால்தான் தாண்டியது என்று சொல்ல, எடுத்த தேதி அசைக்க முடியாதபடி பதிவில் இருக்க வேண்டும்.

4. இரு தரப்புக்கும் உடனே சாட்சி கிடைக்கிறது. ரேஷனில் பொருள் போட்டதும் கைபேசிக்கு வரும் குறுஞ்செய்தி அப்படிப்பட்டது. வாங்காத பொருளுக்குச் செய்தி வந்தால் அன்றைக்கே கடையில் போய்க் கேட்கலாம்.

தனியார் துறையில் இது பழைய கதை. அமெரிக்காவின் யூ.பி.எஸ். கூரியர் நிறுவனம் 1991-லேயே தன் ஓட்டுநர்களுக்குக் கையெழுத்தைத் திரையில் வாங்கும் கருவியைக் கொடுத்துவிட்டது. பொட்டலம் எங்கே இருக்கிறது என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் சொல்ல முடிந்தது அதனால்தான்.

மூன்றாவது பலனுக்கு மறுபக்கமும் உண்டு. நேரத்தையும் இடத்தையும் பதியும் கருவி, வேலையைப் பதிவு செய்கிற அதே நேரத்தில் வேலைக்காரரையும் பதிவு செய்கிறது. எங்கே எத்தனை நிமிடம் நின்றார், எத்தனை மணிக்குக் கிளம்பினார் எல்லாம் மேலிடத்துக்குத் தெரியும். இந்தத் தகவலால் ஊழியருக்கும் ஏதாவது கிடைக்கிறதா, உதாரணமாகப் பயணப்படியோ கூடுதல் நேர ஊதியமோ தகராறில்லாமல் வருகிறதா என்று பார்த்தால், அந்த இடத்தில் கருவியை ஊழியர்கள் மனசார ஏற்றுக்கொள்வார்களா மாட்டார்களா என்று ஊகித்துவிடலாம்.

வேலையிலும் சறுக்குவது ஏன்

பணம், தொழில்நுட்பம், ஆள்பலம் மூன்றும் இருந்தும் தோற்ற பெரிய உதாரணம் அமெரிக்காவின் 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. படிவம் திருப்பி அனுப்பாத வீடுகளுக்கு நேரில் போகும் பணியாளர்களுக்குக் கைக்கணினி கொடுப்பது திட்டம். 2006-இல் ஹாரிஸ் நிறுவனத்துக்குச் சுமார் 60 கோடி டாலர் ஒப்பந்தம். கருவியிடம் என்னென்ன எதிர்பார்க்கிறோம் என்று கணக்கெடுப்புத் துறையே தெளிவாக முடிவு செய்யவில்லை. 2008 ஜனவரியில், வேலை பாதி நடந்துகொண்டிருக்கும்போது, 400-க்கும் மேற்பட்ட தேவைகளைப் புதிதாகச் சேர்த்தும் திருத்தியும் கொடுத்தது. 2008 ஏப்ரலில் அந்நாட்டு வணிகத் துறைச் செயலர், வீடு வீடாகப் போகும் பணியைத் தாளிலேயே செய்யப்போவதாக அறிவித்தார். கைக்கணினி முகவரிகளைச் சரிபார்க்கும் கட்டத்தோடு நின்றது. கூடுதல் செலவு 300 கோடி டாலர் வரை போகும் என்று சொல்லப்பட்டது. அதே 2010-இல் பிரேசில் தன் கணக்கெடுப்பைக் கைக்கருவிகளில்தான் நடத்தி முடித்தது. அதற்கு 3 ஆண்டுகள் முன்பே, 2007-இன் வேளாண் கணக்கெடுப்பில் ஆயிரக்கணக்கான கருவிகளோடு ஒரு முழு ஒத்திகை பார்த்திருந்தது அந்த நாடு.

இந்தியாவுக்கும் அப்படி ஓர் அனுபவம் இருக்கிறது. 2011-இல் தொடங்கிய சமூகப் பொருளாதார, சாதிவாரிக் கணக்கெடுப்பு, பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரித்த சுமார் 6.4 லட்சம் கைக்கருவிகளில் நடந்தது. 2027-இல் பணியாளர்கள் கைபேசியோடு வருவதைப் புதுமை என்று எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பெரிய திட்டங்களை விடுவோம். அன்றாடத்தில் சறுக்கும் இடங்கள் இவை:

1. கருவி ஒரு கதவாக மாறுவது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020 அக்டோபரில் கைரேகை முறை வந்தது. பாத்திரம் தேய்த்து, கல் சுமந்து, வயல் வேலை செய்து விரல் தேய்ந்துபோனவர்களுக்கும் வயதானவர்களுக்கும் ரேகை விழாது. 'இன்னொரு விரலை வைங்க, துடைச்சிட்டு வைங்க' என்று கடைக்காரர் சொல்ல, பின்னால் வரிசை நீளும். பதிவு செய்யும் கருவி, அனுமதி கொடுக்கும் கருவியாகும்போது வரும் சிக்கல் இது. மாற்று வழி, அதாவது கருவிழிப் பதிவோ ஓ.டி.பி.யோ, கையெழுத்துப் பதிவேடோ, கூடவே இருந்தாக வேண்டும்.

2. சர்வரை நம்பியே ஓடுவது. 'சர்வர் கிடைக்கல' என்ற சொல் இன்று ரேஷன் கடையில் புழுங்கலரிசி மாதிரி சகஜம். நல்ல வேலைக் கருவி, இணைப்பு இல்லாதபோது தகவலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு, கிடைத்ததும் அனுப்பும். எல்லாவற்றுக்கும் மேலிடத்துச் சம்மதம் கேட்டு நிற்கும் கருவியைக் கைக்கணினி என்று சொல்வதே அதிகம்.

3. பழைய வேலையை ஒழிக்காமல் புதியதைச் சேர்ப்பது. பதிவேட்டிலும் எழுத வேண்டும், பள்ளிக் கல்வித் துறையின் 'எமிஸ்' இணையதளத்திலும் ஏற்ற வேண்டும் என்று பள்ளி ஆசிரியர் சங்கங்கள் ஆண்டுக்கணக்கில் புகார் சொல்லி வருகின்றன. முதல் பலன் (ஒரே தடவை பதிவு) இங்கே தலைகீழாகிவிடுகிறது.

4. பயன்படுத்துபவர் மொழியில் இல்லாதது. 2021-இல் மகாராஷ்டிராவில் ஆயிரக்கணக்கான அங்கன்வாடி ஊழியர்கள் அரசு கொடுத்த கைபேசிகளைத் திருப்பிக் கொடுத்துப் போராடினார்கள். கருவியில் நினைவகம் போதவில்லை, ஊட்டச்சத்து விவரங்களைப் பதியும் 'போஷன் டிராக்கர்' செயலி ஆங்கிலத்தில் இருந்தது என்பவை அவர்களின் முக்கியக் குறைகள். வேலை தெரிந்தவர்களைக் கருவி வேலை தெரியாதவர்களாக ஆக்கிவிட்டது.

பள்ளியில் கணக்கு மாறுகிறது

கண்டக்டரின் வேலை கருவிக்கு முன்பே இருந்தது. கருவி அதைச் சுருக்கிக் கொடுத்தது. படிப்பில் சுருக்குவதற்கு அப்படி எதுவும் இல்லை. பின்னக் கணக்கை விரைவாகப் போட்டு முடிப்பது கால்குலேட்டரின் வேலை. மாணவி செய்ய வேண்டியது மெதுவாகப் போட்டு, தப்பு விட்டு, ஏன் தப்பு என்று பிடிப்பது. அந்த மெனக்கெடலைக் கருவி எடுத்துக்கொண்டால் படிப்பே போய்விடுகிறது. அதோடு, எல்லா வேலைக்குமான கருவியில் பாடத்துக்குப் பக்கத்திலேயே விளையாட்டும் வீடியோவும் இருக்கின்றன.

லாஸ் ஏஞ்சலஸ் கல்வி மாவட்டம் 2013-இல் தன் மாணவர்கள் அனைவருக்கும் ஐபேட் கொடுக்கத் தொடங்கியது. வை-ஃபை வசதியையும் சேர்த்து மொத்தத் திட்டம் 130 கோடி டாலர். வழங்கிய சில நாள்களிலேயே சுமார் 300 மாணவர்கள் கருவியின் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். பெரிய ஊடுருவல் வேலை ஒன்றும் இல்லை. நிர்வாகம் போட்டு வைத்திருந்த கட்டுப்பாட்டுக் கோப்பை நீக்கினார்கள், அவ்வளவுதான். பாட மென்பொருள் முழுதாகத் தயாராகவில்லை. மாநிலத் தேர்வு எழுத விசைப்பலகை தனியாக வாங்க வேண்டும் என்பது பிறகுதான் உறைத்தது. 2014-இல் ஒப்பந்தம் கைவிடப்பட்டது, கல்வி மாவட்டத் தலைவர் பதவி விலகினார்.

பெரு நாட்டில் 'குழந்தைக்கு ஒரு மடிக்கணினி' திட்டத்தின்கீழ் லட்சக்கணக்கில் சிறு கணினிகள் கொடுத்தார்கள். இன்டர்-அமெரிக்கன் வளர்ச்சி வங்கியின் ஆய்வு, 319 பள்ளிகளைப் பார்த்து 2012-இல் சொன்னது: கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயரவில்லை. பொதுவான சிந்தனைத் திறனைச் சோதிக்கும் தேர்வுகளில் சிறு முன்னேற்றம் தெரிந்தது. கணினியைப் பயன்படுத்தத் தெரிந்துகொண்டார்கள். பாடம் அதே இடத்தில் நின்றது.

நம் பங்குக்கு 'ஆகாஷ்'. 2011 அக்டோபரில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய 7 அங்குல டேப்லெட். விலையை எப்படியாவது கீழே கொண்டுவர வேண்டும் என்பதில்தான் கவனம் முழுவதும் போனது. 366 மெகாஹெர்ட்ஸ் பிராசசர், 256 மெகாபைட் நினைவகம், நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும் திரை, 3 மணி நேரம்கூடத் தாங்காத பேட்டரி. 2012-இல் கொஞ்சம் நல்ல வடிவம் வந்தது. அதற்குள் சந்தையில் சாதாரண ஆண்ட்ராய்டு போன்கள் முந்திக்கொண்டன.

பலன் கிடைத்த இடங்கள்

இதையெல்லாம் படித்துவிட்டுப் பள்ளியில் கருவியே வேண்டாம் என்று முடிவு கட்டினால் அதுவும் அவசரம். நல்ல முடிவு தந்த சோதனைகள் இருக்கின்றன. அவற்றின் அமைப்புதான் கவனிக்க வேண்டியது.

டெல்லியில் 6 முதல் 9 வகுப்பு மாணவர்களிடம் 'மைண்ட்ஸ்பார்க்' என்ற மென்பொருளைப் பொருளாதார அறிஞர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் சோதித்தார்கள்; முடிவு 2019-இல் வெளியானது. ஆறாம் வகுப்பில் இருந்த சராசரி மாணவர் கணிதத்தில் சுமார் இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தார். ஆசிரியர் ஆறாம் வகுப்புப் பாடத்தை எவ்வளவு நன்றாக நடத்தினாலும் மூன்றாம் வகுப்பு நிலையில் இருப்பவருக்கு அது தலைக்கு மேல் போகும். மென்பொருள் ஒவ்வொருவர் நிலையையும் கண்டுபிடித்து அங்கிருந்து கேள்வி கேட்டது. நாலரை மாதத்தில் கணிதத்திலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். தினம் 90 நிமிடத்தில் பாதிதான் கணினி. மீதி ஆசிரியரோடு சிறுகுழுப் பயிற்சி. வீட்டுக்குக் கருவி கொடுத்தனுப்பவில்லை.

தான்சானியாவின் தாங்கா பகுதியில், 170 கிராமங்களில், சுமார் 2,700 சிறுவர்களுக்கு டேப்லெட் கொடுத்து 15 மாதங்கள் பார்த்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே கற்க உதவும் மென்பொருளுக்கான குளோபல் லேர்னிங் எக்ஸ்பிரைஸ் போட்டியின் இறுதிச் சுற்று அது. 2019-இல் முடிவு வந்தது. பெரும்பாலான பிள்ளைகள் பள்ளிக்கே போகாதவர்கள். மென்பொருள் முழுக்க அவர்களுடைய சுவாஹிலி மொழியில். கிராமத்திலேயே சூரிய மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றும் வசதி. வாசிக்கவே தெரியாத பிள்ளைகள் பலர் வாசிக்கத் தொடங்கினார்கள். ஆசிரியர் இல்லாத இடத்தில் கருவி பெரிய உதவி. ஆசிரியர் இருக்கும் இடத்துக்கு இதே முடிவை அப்படியே இழுக்க முடியாது.

எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுவது கென்யாவின் கிசுமு பகுதிச் சோதனை. தொடக்க வகுப்பு வாசிப்பை மேம்படுத்த மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள்: பள்ளிகளை மேற்பார்வை செய்யும் பயிற்றுநருக்கு டேப்லெட், ஆசிரியருக்கு டேப்லெட், மாணவருக்கு மின்வாசிப்பான். மூன்று இடத்திலும் நல்ல புத்தகமும் ஆசிரியர் பயிற்சியும் பொதுவாக இருந்தன. மூன்றிலும் பிள்ளைகளின் வாசிப்பு உயர்ந்தது. மூன்றுக்கும் இடையே சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. செலவில்தான் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ஒரு மேற்பார்வையாளர் பல பள்ளிகளைப் பார்ப்பவர், ஆகவே ஒரு கருவி பல நூறு பிள்ளைகளுக்குப் போதும். 2015-இல் நாடு முழுக்க வந்த 'துசோமே' திட்டத்தில் அந்த வழியைத்தான் எடுத்தார்கள். மேற்பார்வையாளர் வகுப்பில் உட்கார்ந்து பாடத்தைக் கவனிப்பார், சில பிள்ளைகளை வாசிக்க வைத்து நிமிடத்துக்கு எத்தனை சொல் என்று டேப்லெட்டில் குறிப்பார், அதை வைத்து ஆசிரியரோடு அங்கேயே பேசுவார். போன பள்ளியின் இடத்தைக் கருவி பதிந்ததால் பயணப்படியும் அதன்படி வந்தது. கண்டக்டரின் கருவி பலன் தந்த அதே காரணங்கள்தான் இங்கேயும்: ஏற்கெனவே இருந்த வேலை, நடந்த இடத்திலேயே பதிவு, கையில் வைத்திருப்பவருக்கும் ஆதாயம்.

தமிழ்நாட்டின் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தை இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2022-இல் தொடங்கிய இதில், பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று அவரவர் நிலைப்படி பிரித்துச் சொல்லித்தருகிறார்கள். மதிப்பீடு செயலியில் நடக்கிறது. ஆரம்பத்தில் ஆசிரியர்கள் சொந்தக் கைபேசியிலேயே செய்ய வேண்டியிருந்தது. ஆகவே டேப்லெட்டை ஆசிரியரிடம் கொடுத்தது சரியான வரிசைதான் என்பது என் கருத்து. அந்த டேப்லெட் பாடத்துக்கும் மதிப்பீட்டுக்கும் பயன்படுகிறதா, அல்லது விதவிதமான புள்ளிவிவரங்களை மேலே அனுப்பும் இன்னொரு கருவியாகிவிடுகிறதா என்பதில்தான் முடிவு இருக்கிறது.

விலைச்சீட்டில் வராத செலவு

லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறியதும் வலுவிழக்கத் தொடங்கும். தினமும் ஓடும் கருவிக்கு இரண்டு மூன்று வருடத்தில் பேட்டரிச் செலவு நிச்சயம். திரை உடையும். பூட்டு மென்பொருளுக்கு ஆண்டுச் சந்தா உண்டு. சிம் கார்டுக்கு ரீசார்ஜ் யார் போடுவது என்று அரசாணையில் இருக்காது, ஆசிரியர் பையிலிருந்து போகும். 40 டேப்லெட்டை ஒரே அறையில் சார்ஜ் ஏற்ற எத்தனை பிளக் வேண்டும் என்பதெல்லாம் அறிவிப்பு நாளில் யாரும் கேட்காத கேள்வி. கருவி கெட்டால் எங்கே, எத்தனை நாளில் சரியாகும் என்ற ஒன்றை மட்டுமாவது ஒப்பந்தத்தில் தேடிப் பார்க்கலாம்.

கல்லூரி மாணவருக்கு டேப்லெட்டா, லேப்டாப்பா

இப்போது முதல் அறிவிப்புக்கு வருவோம். 2011 செப்டம்பரில் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் இந்தத் தேர்வே இல்லை. 2025-26 அறிவிப்பில் 'கைக்கணினியோ மடிக்கணினியோ' என்று வந்ததால் பலரும் கேட்கிறார்கள். பதில் படிப்பைப் பொறுத்தது.

1. நிரல் எழுதுபவர், டேலியில் கணக்குப் போடுபவர், பொறியியல் வரைபடம் போடுபவர், திட்ட அறிக்கை தயாரிப்பவர்: லேப்டாப்தான். இந்த மென்பொருள்களின் முழு வடிவம் டேப்லெட்டில் ஓடாது. நீண்ட நேரம் எழுத விசைப்பலகை வேண்டும்; லாஸ் ஏஞ்சலஸ் அதைப் பிந்தித் தெரிந்துகொண்டது.

2. களத்தில் நின்று வேலை செய்யும் படிப்புகள், உதாரணமாகச் செவிலியம், வேளாண்மை, சமூகப் பணி: டேப்லெட் உண்மையாகவே உதவும். வயலில் நின்று படம் எடுத்து, இடம் குறித்து, படிவம் நிரப்ப லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

3. கலை, இலக்கியம், சட்டம் போல வாசிப்பு மிகுந்த படிப்புகள்: படிக்க டேப்லெட் சுகம், எழுத லேப்டாப் வேண்டும். ஒன்றுதான் கிடைக்கும் என்றால், எழுதும் வேலைக்கு முன்னுரிமை கொடுக்கலாம்.

4. தமிழில் எழுதுபவர்கள்: 2005-இல் முத்து நெடுமாறன் உருவாக்கிய, தமிழில் எழுத உதவும் 'செல்லினம்' சிங்கப்பூரில் அறிமுகமானபோதே கைபேசியில் தமிழ் வந்துவிட்டது, இப்போது குரலாலேயே எழுதலாம். குறுஞ்செய்திக்கு அது போதும். இருபது பக்கக் கட்டுரைக்குத் தமிழ்99 விசைப்பலகையைப் பத்து விரலால் அடிக்கப் பழகியவர் வேகமே வேறு. அதற்கு மேசையில் வைக்கும் விசைப்பலகை வேண்டும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கல்லூரிக்கு வரும் மாணவர் பெரும்பாலோரிடம் ஏற்கெனவே ஸ்மார்ட்போன், அதாவது ஒரு கைக்கணினி, இருக்கிறது. அதோடு டேப்லெட் சேர்ந்தால் கூடுதலாகக் கிடைப்பது பெரிய திரை. லேப்டாப் சேர்ந்தால், போனில் செய்யவே முடியாத ஒரு வகை வேலை கைக்கு வருகிறது. களப்படிப்பு மாணவரைத் தவிர மற்றவர்கள் எது வேண்டும் என்று கேட்கும் படிவம் வந்தால் லேப்டாப்பைக் குறிப்பது நல்லது. டேப்லெட்தான் வந்து சேர்ந்தது என்றால், புளூடூத்தில் இணையும் ஒரு சாதாரண விசைப்பலகையை முதல் மாதமே வாங்கிவிடலாம்.